வில்லனுக்கு மாதையன் என்று பெயர் வைத்தேன்

சுற்றுச்சூழல் தினத்துக்கு நீங்கள் எழுதிய நாடகத்தை அனுப்பி, "சார், ஒரு தடவை பாத்துக் குடுங்க" என்று கேட்டிருந்தீர்கள். பார்த்தேன். பூமித்தாய் பச்சைப் புடவையில் வருகிறாள், இருமுகிறாள். ஒருவன் கோடரியோடு வந்து மரத்தை வெட்டுகிறான். மழை நின்றுபோகிறது. யானை அழுகிறது. கடைசியில் எல்லோரும் கை நீட்டி உறுதிமொழி எடுக்கிறார்கள். குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் இது நான் பதினோரு வருடம் போட்ட நாடகம். நான் கையால் எழுதினேன், நீங்கள் செல்போனை எழுத வைத்திருக்கிறீர்கள். செல்போனுக்கும் எனக்கும் ஒரே மாதிரி கற்பனை என்று தெரிந்ததில் கொஞ்சம் வருத்தம்தான்.

ஓசூர் தொழிற்பேட்டையில், நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் அதே பிரிவில், இருபத்தெட்டு வருடம் குப்பை கொட்டினேன். சுற்றுச்சூழல் பிரிவில் இருந்தவன் இப்படிச் சொல்லக் கூடாதுதான். கழிவுநீரையும் புகையையும் பற்றி உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதற்குப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நாடகத்தைப் பற்றி மட்டும் எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

எனக்குச் சொல்லித் தந்தவர் அந்தக் காலத்துப் பர்சனல் மேனேஜர். பெயர் வேண்டாம், பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா வைத்திருப்பார். என் முதல் நாடகத்தில் புகைபோக்கி ஒரு பாத்திரமாக வந்தது. தலையில் கறுப்பு டிரம்மைக் கவிழ்த்துக்கொண்டு ஒருவன் வந்து, "நான் மூச்சு விட்டால் நீ மூச்சு விட முடியாது" என்று வசனம் பேசுவான். எனக்கு அந்த வசனத்தின் மேல் பெருமை. அவர் அதன் பக்கத்தில் பேனாவை வைத்தார்.

"இவன் யாருப்பா?"

"புகைபோக்கி சார்."

"யாரோட புகைபோக்கி?"

"பொதுவா ஒரு புகைபோக்கி சார்."

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கே ஒன்றுதான் இருந்தது.

"பொதுவானதுன்னு ஒண்ணும் கிடையாது" என்று சொல்லிவிட்டு டிரம்காரனைச் சிவப்பு மையால் அடித்தார். பிறகு, பிள்ளைக்கு நீச்சல் சொல்லித் தருகிறவர் மாதிரி பொறுமையாகச் சொன்னார். "நாடகத்துல தப்பு பண்றவன், நாடகம் பாக்க வராதவனா இருக்கணும். அதான் சூத்திரம். முன் வரிசையில உக்காந்திருக்கிறவனத் திட்டுனா நாடகம் நடக்காது. பின் வரிசையில இருக்கிறவனத் திட்டுனா விசில் அடிப்பான். ஊர்ல இருக்கிறவனத் திட்டு. அவனுக்கு எப்படித் தெரியப் போவுது?"

அப்படித்தான் தலைப்பாகையும் கோடரியுமாக ஒரு விவசாயி நம் தொழிற்சாலை மேடைக்கு வந்து சேர்ந்தான். பூமி சூடானதற்கும் மழை தவறியதற்கும் காடு அழிந்ததற்கும் அவன் ஒருவனே பொறுப்பு. இரண்டு ஏக்கர் மானாவாரி நிலத்தை வைத்துக்கொண்டு உலகத்தையே சூடாக்கிவிட்டான் என்றால் எவ்வளவு கெட்டிக்காரன் பாருங்கள்! நான் கொஞ்சமும் கூச்சப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிவப்புப் பேனா அடித்தது முதல் வருடம் மட்டும்தான். அடுத்த பத்து வருடம் அந்தப் பேனாவுக்கு நான் வேலையே வைக்கவில்லை.

வில்லனுக்கு ஒரு பெயர் வேண்டுமே. நான் தூத்துக்குடிக்காரன், இந்தப் பக்கத்துப் பெயர்கள் அவ்வளவாகத் தெரியாது. வில்லன் வேடம் போடும் செல்வத்தைக் கேட்டேன். செல்வம் கல்லாவிக்காரன், நம் ஃபிட்டர். ஆளைப் பார்த்தால் பயம் வரும், அவனுக்கோ கரப்பான் பூச்சியைப் பார்த்தால் பயம் வரும். "மாதையன்னு வைங்க சார்" என்றான் யோசிக்காமல். அது அவன் சித்தப்பா பெயர் என்பதும், வரப்புத் தகராறில் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

இப்படியே நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. மாதையன் வருடா வருடம் மரம் வெட்டினான், ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் வருடா வருடம் மிக்சர் சாப்பிட்டுக்கொண்டே கை தட்டினார்கள். அப்புறம்தான் மாதம்மாள் வந்தார்.

நாட்றாம்பாளையம் பக்கத்தில் காட்டை ஒட்டிய ஒரு சின்ன ஊரின் வார்டு உறுப்பினர் அவர். ஐம்பது வயதிருக்கும். ராகி போடுகிற குடும்பம். கம்பெனியின் சமூகநலப் பணத்தில் ஊர்க் குட்டையைத் தூர்வாரித் தரச் சொல்லி மனுவோடு மூன்று தடவை நம் கேட்டுக்கு வந்தார். மூன்றாவது தடவை நான் வெளியே போய்ப் பேசினேன்.

"முன்னல்லாம் மழ நின்னு நிதானமா பேயும் சார். இப்ப வந்தா ஒரே நாள்ல கொட்டிட்டுப் போயிடுது, இல்லன்னா வர்றதே இல்ல. கொட்டறத நிறுத்தி வெக்கக் குட்டையில எடமில்ல, மண்ணு ரொம்பிக் கெடக்குது. தண்ணிக்கு மாடு காட்டுக்குள்ள போவுது. மாட்டுக்குப் பின்னாடி நாங்க போறோம். எங்களுக்கு முன்னாடி ஆனை நிக்குது."

போன மாசி மாதம் அப்படிப் போன ஒருவர் கால் ஒடிந்து வந்ததாகச் சொன்னார். உயிர் தப்பியதே பெரிய காரியம். பருவமழைக்கு முன்னால் குட்டை ஆழமாகாவிட்டால் இன்னொரு வருடம் இதே கதைதான். கையில் மனுவை வைத்துக்கொண்டு அவர் கெஞ்சவில்லை. கடையில் சாமான் கேட்பது போலக் கேட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

மனுவை ஜி.எம். மேசைக்குக் கொண்டுபோனேன். அவர் மைசூர்க்காரர். நல்ல மனிதர், இளகிய மனசு. தமிழ் பாதி புரியும், பேசினால் கன்னடமும் இங்கிலீஷும் கலந்து வரும். மனுவை நான் படித்துச் சொன்னதும் தலையை ஆட்டினார். "குட்டை வெட்டலாம். ஆனா ஜனங்க மனசு மாறணும். மனசு மாறலைன்னா குட்டை மறுபடி மூடிடும். முதல்ல நம்ம நாடகம் அங்க போடுங்க. நானும் வர்றேன். அவங்க மனசு தொடுதான்னு பாக்கலாம். அப்புறம் குட்டை."

மூடியது மண் என்றும், மனசு இல்லை என்றும் சொல்ல அங்கே ஒரு நல்ல இடம் இருந்தது. நான் "எஸ் சார்" என்றேன். நாடகத்தை இவ்வளவு உயர்வாக ஒருவர் பேசும்போது அதை எழுதியவன் குறுக்கே பேசுவானா?

மாதம்மாளுக்குப் போன் செய்தேன். "நாடகத்தப் பாத்து ஜனங்க கொஞ்சம் மனசு உருகினாப் போதும்மா, குட்டை வந்துரும்."

"உருகறதுன்னா எப்டி சார்?"

"ரெண்டு பேரு கண்ணு கலங்கினாக்கூடப் போதும்."

"ரெண்டு பேரா?" என்று கேட்டுவிட்டு, ஏதோ கணக்குப் போடுகிறவர் மாதிரி சற்று நிறுத்தி, "சரிங்க சார்" என்று போனை வைத்தார்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, கம்பெனி ஏசி பஸ்ஸில் கிளம்பினோம். தேன்கனிக்கோட்டை தாண்டி, அஞ்செட்டி மலைப்பாதையில் வளைந்து வளைந்து போனதில் யானைக்கு வாந்தி வந்துவிட்டது. யானை என்றால் பிரஸ் ஷாப்பைச் சேர்ந்த இரண்டு பேர், முன்கால் ஒருவர், பின்கால் ஒருவர். தும்பிக்கை நம் ஏர் டக்டின் மடங்கும் குழாய். பஸ்ஸின் பின்பக்கம் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்கள் அடுக்கியிருந்தன, நாடகம் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்க. நாடகத்தின் இரண்டாம் காட்சி பிளாஸ்டிக் ஒழிப்பு. இந்தப் பொருத்தம் அன்று பஸ்ஸில் இருந்த ஒருவர் கண்ணிலும் படவில்லை.

பள்ளிக்கூட மைதானத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. முன் வரிசை நாற்காலியில் ஜி.எம்., அவர் பக்கத்தில் நான். பூமித்தாயாக அக்கவுண்ட்ஸ் ஸ்டெல்லா. கிருஷ்ணகிரிக்காரப் பெண், சர்ச்சில் பாடுகிற குரல். அவள் மேடைக்கு நடுவில் வந்து நின்று கணீரென்று கூப்பிட்டாள்: "அடேய் மாதையா! எங்கே இருக்கிறாய்?"

மைதானத்தில் ஏழு பேர் எழுந்து நின்றார்கள்.

மாதேஸ்வரன் மலைச் சாமியைக் கும்பிடுகிற சீமை அது. வீட்டுக்கு ஒரு மாதையன், இல்லாவிட்டால் மாதப்பன், அதுவும் இல்லாவிட்டால் மாதேஷ். பெண் பிறந்தால் மாதம்மாள். மனு கொடுத்தவர் பெயரையே மூன்று தடவை படித்தும் எனக்கு உறைக்கவில்லை. எழுந்தவர்களில் ஒரு பெரியவர், "யாரும்மா நீ? எதுக்குக் கூப்புட்ட?" என்று மரியாதையாகவே கேட்டார். அதற்குள் செல்வம் கோடரியோடு குதித்துவிட்டான். சித்தப்பாவை நினைத்து நடிப்பதால் அவன் நடிப்பில் எப்போதுமே ஒரு உண்மை இருக்கும்.

"நான்தான் மாதையன்! மரத்தை வெட்டுவேன்! மழையை விரட்டுவேன்! யானையைக் கொல்லுவேன்!"

கூட்டத்திலிருந்து ஒரு குரல், "ஆனையக் கொன்னானா? எவன்டா கொன்னான்? எந்த மாதையன்டா?" என்று கிளம்பியது. யானையைக் கொன்றதாகப் பேச்சு வந்தாலே அந்த ஊரில் ஜெயிலும் கோர்ட்டும் பின்னால் வரும். யானை வந்து ராகியைத் தின்றால் தகரத்தைத் தட்டி விரட்டுவார்களே தவிர, கை வைக்கமாட்டார்கள். அது அவர்களுக்குச் சாமியும்கூட. ஏழு மாதையன்களும் மேடையை நோக்கி நடந்தார்கள். ஜி.எம். என் பக்கம் திரும்பி, "ஏனாயித்து, என்ன ஆச்சு? ஆடியன்ஸ் பார்ட்டிசிபேஷனா?" என்று கேட்டார்.

நாடகத்தை நிறுத்தினால் ஜி.எம்.முக்குக் காரணம் சொல்ல வேண்டும், குட்டை போய்விடும். நிறுத்தாவிட்டால் செல்வம் போய்விடுவான். மேடை ஓரமாக ஓடி, "பேர மாத்துடா!" என்று கத்தினேன். பயத்தில் அவனுக்கு உலகத்திலேயே ஒரு பெயர்தான் நினைவுக்கு வந்தது.

"இல்லை இல்லை, நான் செல்வம்! ஃபிட்டர்! கல்லாவி!"

"கல்லாவியிலேந்து வந்து எங்க மரத்த வெட்டறியாடா?" என்று இன்னும் நாலு பேர் எழுந்தார்கள்.

அப்போதுதான் மாதம்மாள் எழுந்தார். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் புழங்கும் எல்லைப்புறத்து ஊர் அது. கூட்டத்தைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். எனக்குத் தெலுங்கு தெரியாது, ஜி.எம்.முக்கும் தெரியாது. ஏழு மாதையன்களும் அப்படியே நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திரும்பிப் போய் உட்கார்ந்தார்கள். பெரியவர் மட்டும் செல்வத்தைப் பார்த்து, "நீ வெட்டுப்பா" என்று அனுமதி கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

செல்வம் மிகவும் மரியாதையாக மரத்தை வெட்டினான். மழை நின்றது. யானை வந்து அழுதது. ஸ்டெல்லா கடைசி வசனத்தைப் பேசினாள்: "என் பிள்ளைகளே, நீங்கள் செய்த தவறை உணர்ந்தீர்களா?"

நம் தொழிற்சாலையில் இந்த இடத்தில் ஒரு மௌனம் வரும், கேண்டீன் சூப்பர்வைசர் கை தட்டி அதை முடித்து வைப்பார். இங்கே ஒரு பெண் எழுந்து, "அய்யோ, தப்பாயித்து தாயி!" என்று மாரில் அடித்துக்கொண்டார். அடுத்து இன்னொருவர். அடுத்து வரிசை வரிசையாக. சாவு வீட்டில்கூட நான் அப்படி ஒரு அழுகையைக் கேட்டதில்லை. "தப்பாயித்து தாயி, தப்பாயித்து!" என்று மைதானமே ஆடியது. பெரியவர் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஸ்டெல்லா பயந்துபோய் நிஜமாகவே அழுதாள். யானையின் முன்கால் விசும்பியது. பின்கால்காரர் ஒன்றும் தெரியாமல் "என்னய்யா ஆச்சு? யாருக்கு என்ன?" என்று உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜி.எம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுந்து மைக்கைப் பிடித்து, அடுத்த வாரமே ஜே.சி.பி. வரும், குட்டை தூர்வாரப்படும் என்று தழுதழுத்த குரலில் அறிவித்தார். பதினோரு வருடத்தில் என் எழுத்துக்கு முதல் தடவையாக ஒரு ஊர் அழுகிறது! இவ்வளவு நாள் என் திறமை தவறான மேடையில் வீணாகிவிட்டதே என்றுகூட நினைத்தேன்.

மத்தியானம் ராகிக் களியும் கீரைக் கடைசலும் போட்டார்கள். ஜி.எம். பெரியவர்களோடு கன்னடத்தில் பேசிக்கொண்டு சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தார். மாதம்மாள் என் தட்டில் களியை வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எப்டி சார், போதுமா?" என்றார்.

"போதும்மா, வயிறு நிறைஞ்சுது."

"களியக் கேக்கல சார். அழுகையக் கேட்டேன்."

தமிழ் நாடகத்துக்கு இவர்கள் ஏன் கன்னடத்தில் அழுதார்கள் என்ற கேள்வி எனக்கு அப்போதுதான் உதித்தது. அதுவும் ஜி.எம். நாற்காலியைப் பார்த்தபடி.

"நீங்க ரெண்டு பேரு கண்ணு கலங்கினாப் போதும்னீங்க. ரெண்டு பேரு அழுதா யாரு கண்ணுல படும்? எல்லாருமே அழுதுடலாம்னு மொத நாளே பேசிக்கினோம். பெரிய சாருக்குக் கன்னடம்னு உங்க வாட்ச்மேன் சொன்னாரு. தமிழ்ல அழுதா அவருக்குப் பாதிதானே புரியும்?"

"நடுவுல தெலுங்குல ஏதோ சொன்னீங்களே?"

"'ஒக்காருங்கடா, குட்டை வேணுமா வேணாமா'ன்னு கேட்டேன்."

மானம் போயிற்று என்று சொல்வார்களே, அது தொண்டையில் களியோடு சிக்கிக்கொண்டு நின்றது. அவமானம்தான், சந்தேகமில்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று உறுத்தியது. அந்த மனிதர்கள் தங்களைக் கொலைகாரர்கள் என்று சொன்ன நாடகத்தை உட்கார்ந்து பார்த்துவிட்டு, அதற்கு மன்னிப்பும் கேட்டிருக்கிறார்கள், தண்ணீருக்காக. அந்த நாடகத்தை எழுதியவன் நான்.

"நீங்களே நாடகம் எழுதினா யாரம்மா வில்லன்?" என்று கேட்டேன். ஏதாவது கேட்க வேண்டுமே.

அவர் யோசித்தார். "வில்லன் எதுக்கு சார்? மழ வரல, ஆனை வருது. தின்னுட்டுப் போவுது. நாங்க மறுபடி வெதைக்கிறோம். இதுல மரம் வெட்ட ஏது நேரம்?"

அந்த நேரம் பார்த்து ஜி.எம். என்னைக் கூப்பிட்டார். "நம்ம ரிப்போர்ட்ல எழுதணும். நாடகத்தால மனமாற்றம்னு. நீங்க பக்கத்துல இருந்து பாத்தீங்கல்ல? நிஜமா மாறினாங்கல்ல?"

உங்களுக்குத் தெரியும், இருபத்தெட்டு வருடத்தில் நான் பார்க்காத அளவை எழுதியதில்லை, எடுக்காத ரீடிங்கில் கையெழுத்துப் போட்டதில்லை. அதற்காக இரண்டு பதவி உயர்வு தள்ளிப்போனது. அந்த மனிதர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மாதம்மாள் கையில் கரண்டியோடு நின்றுகொண்டு என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தால் ஜே.சி.பி. வராது.

"மைதானமே அழுதுச்சு சார்" என்றேன். ரிப்போர்ட்டிலும் அப்படியே எழுதினேன்: நாடகம் முடிந்ததும் கிராமத்துப் பெண்கள் கதறி அழுதனர், பொது மேலாளர் நெகிழ்ந்தார், குட்டையைத் தூர்வார முடிவாயிற்று. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அது ஒரு பெரிய புளுகு என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. இன்று கேட்டாலும் அதையேதான் எழுதுவேன்.

மறு வருடம் நாடகத்தை மாற்றி எழுதினேன். யானை ராகியைத் தின்றுவிட்டுப் போகிறது, புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுக்கொண்டே மறுபடி விதைக்கிறார்கள். நடுவில் டிரம்மைக் கவிழ்த்துக்கொண்டு புகைபோக்கி வந்து, "நான் சும்மா இந்தப் பக்கமா போனேன்" என்று நழுவப் பார்க்கிறான். சிவப்புப் பேனாக்காரர் அதற்கு முன்பே ஓய்வு பெற்றிருந்தார். ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாதிப் பேர் வீட்டில் நிலம் இருக்கிறது, அவர்களுக்குத் தெரியாதா? ஜி.எம். மட்டும் "போன தடவை மாதிரி உருக்கமா இல்லை" என்று வருத்தப்பட்டார். அந்த நாடகம் ஒரு தடவைதான் நடந்தது. நான் ஓய்வு பெற்றதும் மாதையன் மறுபடி வந்துவிட்டான் என்று உங்கள் பிரதியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஆகவே பிள்ளைகளே, என் யோசனை இதுதான். பூமித்தாய் இருக்கட்டும், பச்சைப் புடவை வாங்கிவிட்டீர்கள். அந்தக் கோடரிக்காரனை மட்டும் வெளியே அனுப்புங்கள். அவன் இடத்தில் நம் ஏசி பஸ்ஸில் வருகிற யாரையாவது வையுங்கள். நாடகம் முடிந்ததும் ஜனங்கள் அழுதால், உடனே பெருமைப்படாதீர்கள். அவர்களுக்கு உங்களிடமிருந்து என்ன வேண்டும் என்று பக்கத்தில் போய்க் கேளுங்கள்.

குட்டை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்த வருடம் ஐப்பசியில் நல்ல மழை. கார்த்திகையில் மாதம்மாள் போன் செய்தார்.

"சார், குட்டை ரொம்பிடுச்சு. மாடெல்லாம் இங்கியே தண்ணி குடிக்குது. காட்டுப் பக்கம் யாரும் போறதில்ல."

என் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

"இப்ப ஆனையும் இங்கியே வந்து தண்ணி குடிக்குது சார். மூணு பெருசு, ஒரு குட்டி. வந்த வழியில ராகியும் பாதி போச்சு."

"ஜி.எம். கிட்டச் சொல்லட்டுமாம்மா? அவரு ஏதாவது..."

"அய்யய்யோ, வேணாம் சார்!" என்று பதறினார் மாதம்மாள். "இன்னொரு நாடகம் அனுப்பிடப் போறாரு. மிச்சம் பாதிய அறுக்கணும். அழுவறதுக்கு ஆளு கெடைக்காது."